ஐம்பது பக்கத்தில் தீர்ந்துபோகும் கார்ட்ரிட்ஜ்: ரீஃபிலா, இங்க் டேங்க்கா, இல்லை ஜெராக்ஸ் கடையா?

நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை திரும்பச் சொல்லிவிடுகிறேன். மஞ்சக்குப்பத்தில் வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு கலர் இங்க்ஜெட் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. கருப்பு, கலர் இரண்டு கார்ட்ரிட்ஜையும் சேர்த்து வாங்கினால் இரண்டாயிரம் ஆகிறது. போன முறை போட்ட செட் ஐம்பது பக்கம்கூடத் தாண்டாமல் கோடு கோடாக அடிக்க ஆரம்பித்துவிட்டது, கடைக்காரரோ ரீஃபில் பண்ணினால் மெஷினே போய்விடும், புதுசு போடுங்கள் என்கிறார். இது ஏமாற்று வேலையா, ரீஃபில் செய்யலாமா, இல்லை இதைக் கழித்துவிட்டு, பாட்டிலில் மை வாங்கி ஊற்றும் இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள், கூடவே பாண்டியில் வாங்கினால் மலிவா என்றும். நான் புதுச்சேரியில் பிரிண்டர் சர்வீஸ் செய்கிறவன், பாகூர், கடலூர் வரைக்கும் போய்ப் பார்ப்பதுண்டு. என் கண்ணில் அந்த மூன்றுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது: காகிதத்தில் விழாத மைக்கு நீங்கள் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது எங்கே போகிறது என்று தெரிந்தால் மற்றதை நீங்களே முடிவு செய்துவிடலாம்.

டப்பாவில் போட்டிருக்கும் பக்கக் கணக்கிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் கோபம் எல்லாருக்கும் அங்கேதான் வருகிறது. உதாரணத்துக்கு ஹெச்பி 680 கார்ட்ரிட்ஜில் கருப்பு சுமார் 480 பக்கம், கலர் சுமார் 150 பக்கம் என்று சொல்வார்கள். அந்த எண் கற்பனை இல்லை. ஐஎஸ்ஓ/ஐஇசி 24711 என்று ஒரு தரநிலை இருக்கிறது, அதன்படி குறிப்பிட்ட ஐந்து பக்கங்களை மறுபடி மறுபடி அடித்து, மூன்று பிரிண்டரில் குறைந்தது ஒன்பது கார்ட்ரிட்ஜை காலி செய்து சராசரி எடுக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், அந்தச் சோதனையில் பிரிண்டர் கிட்டத்தட்ட நிற்காமல் ஓடுகிறது. உங்கள் வீட்டு பிரிண்டர் பதினைந்து நாள் தூங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு, நாளைக்கு ப்ராஜெக்ட் கொடுக்கணும் என்று பையன் சொல்லும்போதுதான் எழுகிறது. எழுந்ததும் அது செய்யும் முதல் வேலை ஹெட்டை, அதாவது மையைக் காகிதத்தில் துப்பும் பகுதியை, சுத்தம் செய்வது, அதற்கும் கார்ட்ரிட்ஜ் மைதான் செலவாகிறது. ஆன் செய்யும்போது கொஞ்சம், கார்ட்ரிட்ஜ் மாற்றும்போது கொஞ்சம், கோடு விழுகிறதே என்று நீங்கள் கிளீனிங் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம். இந்தச் சின்ன கார்ட்ரிட்ஜ்களில் கருப்பு மை பத்து மில்லிகூட இருக்காது, அதில் கொஞ்சம் கொஞ்சம் என்பதெல்லாம் பெரிய பங்கு.

இன்னொன்று, அந்த 480, 150 எல்லாம் எழுத்தும் சின்னப் படமும் கலந்த பக்கங்களுக்கு. பிள்ளைகள் அடிப்பது என்ன? தமிழ்நாடு வரைபடம், அதில் வங்காள விரிகுடா முழுக்க நீலம். மூன்று கலரும் ஒரே கூட்டுக்குள் இருக்கிற கார்ட்ரிட்ஜில் நீலம் மட்டும் தீர்ந்தால் மஞ்சளும் சிவப்பும் பாதி பாக்கி இருக்கும்போதே மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான். புது பிரிண்டருடன் பெட்டியில் வரும் முதல் கார்ட்ரிட்ஜில் பெரும்பாலும் மை குறைவாகத்தான் இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக ஐம்பது பக்கம் என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை, மாதத்துக்கு நாலைந்து பக்கம் அடிக்கிற வீடுகளில் இதைவிட மோசமாகவும் பார்த்திருக்கிறேன்.

சரி, ஏமாற்றா? மெஷினை மலிவாகக் கொடுத்து மையில் காசு பார்ப்பது இந்தத் தொழிலின் அடிப்படைக் கணக்கு, அதை யாரும் ஒளித்து வைக்கவும் இல்லை. ஹெச்பியின் அப்போதைய தலைமை நிர்வாகி என்ரிக்கே லோரெஸ் 2024 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், ஒருவர் பிரிண்டர் வாங்குவது கம்பெனிக்கு ஒரு முதலீடு, அவர் போதுமான அளவு அடிக்காவிட்டாலோ கம்பெனி மையை வாங்காவிட்டாலோ அது வீணான முதலீடு என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். அதைக் கேட்ட பிறகு நாலாயிரம் ரூபாய் பிரிண்டரைப் பார்த்து மலிவு என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அந்தக் கணக்கைக் காப்பாற்ற அவர்கள் செய்ததில் சில எல்லை மீறியவை என்பதும் பதிவில் இருக்கிறது. 2016 செப்டம்பரில் ஹெச்பியின் சில மாடல்கள் திடீரென்று வேற்றுக் கம்பெனி கார்ட்ரிட்ஜ்களை ஏற்க மறுத்தன, மென்பொருள் வழியாகச் செய்த தடுப்பு அது. பெரிய எதிர்ப்பு கிளம்பிய பின் கம்பெனி அதை நீக்கிக்கொள்ள ஒரு வழி கொடுத்தது. 2020 டிசம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம், வாங்குகிறவர்களுக்கு இந்தத் தடுப்பைச் சரியாகச் சொல்லவில்லை என்பது உள்ளிட்ட காரணங்களுக்காக ஹெச்பிக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டது. இதைவிட எனக்குப் பிடித்தது 2022 ஜனவரி கதை. சிப் தட்டுப்பாடு வந்தபோது கேனான் தன் அலுவலக காப்பியர்களுக்கு, ஒரிஜினல் என்று மெஷினுக்குக் காட்டும் சிப் இல்லாத டோனரையே (மைக்குப் பதிலான பொடி) அனுப்பிவிட்டு, இது ஒரிஜினல் இல்லை என்று மெஷின் எச்சரித்தால் அதை எப்படித் தாண்டிப் போவது என்று வாடிக்கையாளர்களுக்குத் தானே சொல்லிக்கொடுத்தது.

அதனால் கம்பெனி உங்களைப் பிடித்து வைக்கப் பார்க்கிறது என்பது உறுதி. ஆனால் உங்கள் கார்ட்ரிட்ஜ் ஐம்பதாவது பக்கத்தில் நிற்கும்படி உள்ளே ஏதோ வைத்திருக்கிறார்கள் என்பதற்கு நான் பிரித்துப் பார்த்த எதிலும் அடையாளம் கண்டதில்லை. பெரும்பாலும் அது காய்ந்துபோகிறது, அவ்வளவுதான்.

காய்வதற்கான காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. ஹெச்பி, கேனான் இரண்டும் வெப்ப முறை. கண்ணுக்குத் தெரியாத ஒரு சூடேற்றி மைக்ரோ செகண்டுகளில் சுமார் 300 டிகிரிக்குப் போய் மையில் ஒரு குமிழியைக் கிளப்பும், அந்தக் குமிழி சில பிக்கோலிட்டர் அளவுள்ள ஒரு சொட்டைத் துளை வழியாக வெளியே தள்ளும். எப்சன், பிரதர் இரண்டும் சூடில்லாத பீசோ முறை, மின்சாரம் கொடுத்தால் நெளியும் ஒரு படிகம் மையைத் தள்ளும். எந்த முறையானாலும் துளை தலைமுடியைவிட மெல்லியது, வெளியில் இருக்கும் காற்றுக்கும் உள்ளே இருக்கும் மைக்கும் நடுவே வேறெதுவும் கிடையாது. அதற்காகத்தான் பிரிண்டரின் வலது ஓரத்தில் பெரும்பாலும் ஒரு ரப்பர் மூடி வைத்திருக்கிறார்கள், வேலை முடிந்ததும் ஹெட் அங்கே போய் உட்கார்ந்து மூடிக்கொள்ளும். பிரிண்டரிலேயே இருக்கும் பவர் பட்டனை அழுத்தினால்தான் இது ஒழுங்காக நடக்கும். நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? அடித்து முடித்ததும் சுவரில் இருக்கிற சுவிட்சைத் தட்டிவிடுகிறோம், கரண்ட் மிச்சம் என்று. ஹெட் பாதி வழியில் நின்றிருந்தால் மூடி போடாத ஸ்கெட்ச் பேனா கதைதான். அடிக்கும்போதே கரண்ட் போனாலும் இதே கதி. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து பல இடங்களில் கரண்ட் இல்லாமல் கிடந்ததே, அதற்கப்புறம் எங்கள் மேஜைக்கு வந்த இங்க்ஜெட்களில் தண்ணீர் புகுந்தவற்றைத் தவிர, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமலே ஹெட் காய்ந்து வந்தவையும் நிறைய. அதனால் முதல் வேலையாக இதை மாற்றிக்கொள்ளுங்கள்: பட்டனில் அணைத்து, விளக்கு முழுக்க அணைந்த பின் சுவர் சுவிட்சைத் தொடுங்கள். உங்களைப் போல எப்போதாவது அடிக்கிறவர்களுக்கு இதுவே பாதி வைத்தியம்.

கடலோரம் என்பதால் வரும் தொந்தரவும் உண்டு. உப்புக் காற்றில் கார்ட்ரிட்ஜின் செம்பு நிறத் தொடுபுள்ளிகள் மங்கிவிடும், அப்போது மெஷின் கார்ட்ரிட்ஜே இல்லை என்று சொல்லும், அல்லது கலர் ஒரு நாள் வரும் ஒரு நாள் வராது. பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு கார்ட்ரிட்ஜ் பக்கமும் உள்ளே உட்காரும் பக்கமும் மெதுவாகத் துடைத்தால் போதும், இதற்குப் போய் புது கார்ட்ரிட்ஜ் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் பேப்பர் ஈரம் குடித்து இரண்டு இரண்டாகப் போகும், மையும் பரவும், கட்டைப் பிரித்த பேப்பரைப் பிளாஸ்டிக் கவரிலேயே வையுங்கள்.

இப்போது கையில் இருக்கும் கோடு விழும் கார்ட்ரிட்ஜுக்கு வருவோம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது கார்ட்ரிட்ஜின் அடியிலேயே ஹெட் இருக்கும் வகை. அதில் ஒரு நல்லது, ஹெட் போனால் கார்ட்ரிட்ஜோடு போகும், மெஷினுக்கு ஒன்றும் ஆகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த டிஷ்யூ பேப்பரை மடித்து ஒரு தட்டில் வைத்து, அதன்மேல் துளைப் பக்கம் கீழே இருக்கும்படி கார்ட்ரிட்ஜை இரண்டு மூன்று நிமிஷம் நிறுத்துங்கள், அப்புறம் காய்ந்த டிஷ்யூவில் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம், ஊசி கொண்டு குத்தவே வேண்டாம். கருப்புக்குக் கருப்புத் தடமும் கலருக்கு மூன்று தனித் தடமும் விழுந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். செம்புப் புள்ளிகளைத் துடைத்து மாட்டி ஒரு கிளீனிங் கொடுத்துப் பாருங்கள். இது எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். மை தீர்ந்த பிறகும் விடாமல் அடித்திருந்தால் சூடேற்றிகள் கருகியிருக்கும், மைதான் அவற்றைக் குளிர வைக்கிறது. கருகியதையும் அடைத்ததையும் கார்ட்ரிட்ஜைக் கையில் எடுக்காமல் இங்கிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்று மட்டும், கிளீனிங்கைத் தொடர்ந்து ஆறு ஏழு தடவை அழுத்தாதீர்கள். எப்சன் கையேடுகளில்கூட மூன்று முறைக்கு மேல் பயனில்லை என்றால் 12 மணி நேரமாவது விட்டுவிட்டு அப்புறம் பாருங்கள் என்றுதான் இருக்கிறது.

கலர் தீர்ந்ததால் கருப்பும் அடிக்க மாட்டேன் என்று மெஷின் அடம்பிடித்தால் அதற்கும் வழி இருக்கிறது. இரண்டு கார்ட்ரிட்ஜ் போடும் ஹெச்பி டெஸ்க்ஜெட் மாடல்களில் தீர்ந்துபோன கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டால் மீதி ஒன்றை வைத்தே அடிக்கும். கேனான் பிக்ஸ்மா வகையில் மை தீர்ந்தது என்று நிற்கும்போது ஸ்டாப் பட்டனை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகும். மெஷின் காட்டும் மை அளவே இந்த வகைகளில் பெரும்பாலும் சொட்டுகளை எண்ணிப் போடும் மதிப்பீடுதான், எச்சரிக்கை வந்த உடனே வாங்க ஓட வேண்டியதில்லை. ஆனால் எழுத்து மங்க ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள், கருகும் விஷயத்தை மேலே சொன்னேன்.

ரீஃபில் பற்றி உங்கள் கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. தவறான மையை ஊற்றினால் கார்ட்ரிட்ஜ் போகும், அளவுக்கு மேல் ஊற்றினால் உள்ளே ஒழுகி மெஷினும் நாறும். டை மை வேறு, பிக்மென்ட் மை வேறு. முன்னது முழுக்கக் கரைந்த சாயம், பின்னது மிதக்கும் நுண்பொடி. பிக்மென்ட்டை டை ஹெட்டில் ஊற்றினால் அடைக்கும், பிக்மென்ட் போட வேண்டிய கருப்பு கார்ட்ரிட்ஜில் டையை ஊற்றினால் அடைக்காது, ஆனால் விண்ணப்பத்தில் ஒரு துளித் தண்ணீர் பட்டால் எழுத்து கரைந்து ஓடும். எந்த மாடலுக்கு எந்த மை என்று தெரிந்த ஆள், மை முழுக்கத் தீர்வதற்கு முன்பே நிரப்பினால் ஹெட் உள்ள கார்ட்ரிட்ஜ் சில முறை தாங்கும். எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் மாறும் கணக்கு, யாராவது பத்து முறை கேரண்டி என்றால் நம்பாதீர்கள். சிப் தடுத்துவிடுமோ என்ற பயம் இதற்கு வேண்டாம். ஒரிஜினல் சிப் அப்படியே இருக்கிற ரீஃபில் கார்ட்ரிட்ஜைத் தங்கள் தடுப்பு பாதிக்காது என்று ஹெச்பியே சொல்கிறது, வேற்று சிப் போட்ட வேற்றுக் கம்பெனி கார்ட்ரிட்ஜ்தான் அதில் சிக்கும். வாரண்டியும் ரீஃபில் செய்ததாலேயே போய்விடாது, ரீஃபிலால்தான் கெட்டது என்று அவர்கள் கண்டால் அந்தப் பழுதுக்கு மட்டும் காசு கேட்பார்கள். இதைவிட ஆபத்து ஒரிஜினல் டப்பாவில் வரும் டூப்ளிகேட். பில் இல்லாமல் நூறு ரூபாய் குறைத்துக் கொடுக்கிறேன் என்றால் அங்கே வாங்காதீர்கள். பில் இருந்து புது கார்ட்ரிட்ஜே வேலை செய்யவில்லை, கடையும் கம்பெனியும் கைவிரிக்கிறது என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம்.

அடுத்தது இங்க் டேங்க். இங்கேதான் பெரும்பாலானவர்கள் சொல்வதிலிருந்து நான் விலகுகிறேன். பக்கக் கணக்கில் டேங்க்குக்குப் போட்டியே இல்லை என்பது உண்மை. எப்சன் 003 கருப்பு பாட்டில் 65 மில்லி, சுமார் 4,500 பக்கம். கேனான் ஜிஐ-790 கருப்பு 135 மில்லி, சுமார் 6,000 பக்கம். ஐநூறு ரூபாய் பாட்டிலில் நாலாயிரத்துச் சொச்சம் பக்கம் என்றால் கருப்புப் பக்கத்துக்கு மை செலவு பத்துப் பதினோரு பைசா. ஆனால் மெஷின் விலை பெரும்பாலும் பத்தாயிரத்துக்கு மேல், ஹெட் பாட்டிலோடு வருவதில்லை, மெஷினிலேயே இருக்கிறது. மாதம் நாலு பக்கம் அடிக்கிற வீட்டில் அந்த ஹெட்டும் காயும், காய்ந்தால் போவது ஆயிரம் ரூபாய் கார்ட்ரிட்ஜ் இல்லை, சில ஆயிரம் ரூபாய் ஹெட். சுத்தம் செய்த கழிவு மை எல்லாம் அடியில் மையை உறிஞ்சும் ஒரு பேடில் சேர்கிறது, ஒரு நாள் பேட் நிறைந்துவிட்டது என்று மெஷின் நின்றுவிடும். சில புது மாடல்களில் அந்தப் பேட் இருக்கும் பெட்டியை நாமே மாற்றிக்கொள்ளலாம், வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். மற்றவற்றில் இணையத்தில் கிடைக்கும் ரீசெட்டர் என்ற மென்பொருளைப் போட்டு, மெஷின் வைத்திருக்கும் கழிவு மைக் கணக்கை மட்டும் பூஜ்யமாக்கிவிட்டுப் பேடை மாற்றாமல் விடுகிறார்கள், கழிவு மை மேஜையில் வழியும்போதுதான் தெரியும். அந்த ரீசெட்டர்களில் பாதி வைரஸ் என்பது வேறு.

எனவே வாரத்துக்கு ஒரு முறையாவது ஒரு கலர் பக்கம் அடிப்பீர்கள், மாதம் நூறு பக்கத்துக்குக் குறையாது என்றால் டேங்க் வாங்குங்கள், வருத்தப்பட மாட்டீர்கள். நீங்கள் சொல்லும் அளவுக்கு, அதாவது ஒன்றரை வருஷத்தில் மொத்தம் நூற்றுச் சொச்சம் பக்கத்துக்கு, நான் டேங்க் வாங்கச் சொல்ல மாட்டேன். கணக்கைப் பாருங்கள், இரண்டாயிரம் ரூபாய்க்கு ஐம்பது பக்கம் என்றால் பக்கம் நாற்பது ரூபாய். ஜெராக்ஸ் கடையில் கலருக்குப் பத்து ரூபாய் கொடுத்தாலும் நீங்கள் லாபத்தில் இருக்கிறீர்கள், கலெக்டர் ஆபீஸ் இருக்கிற மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடைக்கா பஞ்சம். வீட்டிலேயே அடிக்கணும், ராத்திரி ஒன்பது மணிப் பிரச்சினை தீரணும் என்றால் கருப்பு மட்டும் அடிக்கும் சின்ன லேசர் வாங்குங்கள். டோனர் பொடி, ஆறு மாதம் தொடாமல் கிடந்தாலும் காயாது. பத்திர எழுத்தர் மேஜைகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் பழைய கேனான் எல்பிபி 2900, ஹெச்பி 1020 எல்லாம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், 2,000 பக்க டோனர், ஊரில் யாரும் ரீஃபில் செய்து கொடுப்பார்கள். இப்போது வரும் மாடல்களில் சிப் இருக்கிறது, ரீஃபில் செய்ய முடியுமா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். லேசரை வீட்டு இன்வெர்ட்டர் லைனில் மட்டும் மாட்டாதீர்கள், உள்ளே பேப்பரைச் சூடாக்கும் பகுதி சில நூறு வாட் இழுக்கும்.

பாண்டியில் வாங்கினால் மலிவா என்றும் கேட்டிருந்தீர்கள். வாட் வரி இருந்த காலத்தில் அதில் அர்த்தம் இருந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி இரண்டு பக்கமும் ஒன்றுதான், கடைக்காரர் தள்ளுபடி கொடுத்தால்தான் வித்தியாசம், சர்வீஸ் பக்கத்தில் இருக்கும் ஊரில் வாங்குவதே மேல். யார் சொல்லியும் கேட்காமல் டேங்க்தான் வாங்குவேன் என்றாலும் சரி, மை ஊற்றிய மெஷினை பைக்கில் படுக்க வைத்துக் கொண்டுபோகாதீர்கள்.

டிஷ்யூ வைத்தியம் செய்து பார்த்தபின், எல்லாத் துளையும் அடிக்கிறதா என்று காட்டும் நாசில் செக் பக்கம் ஒன்று அடித்து அதையும், டிஷ்யூவில் விழுந்த தடத்தையும் படம் எடுத்து இங்கே போடுங்கள், மாடல் எண்ணையும் சேர்த்து. அடைப்பா கருகலா என்று அதை வைத்து ஓரளவு சொல்லிவிடலாம். அதுவரை புது கார்ட்ரிட்ஜ் வாங்க வேண்டாம்.